காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

கல்வர் பே, மிச்சிகன்
ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

லெனி எழுதுகிறேன். இங்கே நானும் ஏரியும் ஊரிலுள்ள எல்லாக் கொசுக்களும் நலம். கடற்படைப் பயிற்சி முகாமில் உன்னையும் உன் முழங்காலையும் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று அறிய ஆவல்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வாழ்க்கையில் காகிதத்தில் எழுதும் முதல் கடிதம் இது! போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கிறாயே, உன்னால் வந்த வினை. ஸ்டாம்பை எந்த மூலையில் ஒட்டுவது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு வரி முடிந்ததும் கட்டைவிரல் தானாக அனுப்பும் பொத்தானைத் தேடுகிறது. சிரிக்கிற பொம்மை போட வழியில்லாததால் ஓரத்தில் வரைந்திருக்கிறேன். அது உருளைக்கிழங்கு இல்லை. நான்தான்.

நீ பஸ் ஏறிய அன்று நாங்கள் டிரம் அடித்து வழியனுப்பிய வீடியோவை நம் ஐஸ் ஹாக்கி அணியான ஓநாய்களின் ரசிகர் பக்கத்தில் போட்டேன். ஊரே பார்த்துவிட்டது. "கோல்கீப்பர் இல்லாம இந்த வருஷம் ஓநாய்ங்க ஊளையிட வேண்டியதுதான்"னு ஒரு கரடிகள் அணி ரசிகன் கீழே எழுதியிருந்தான். அவனோடு நான் அரைநாள் சண்டை போட்டேன். நீ கவலைப்படாதே, ஜெயித்தது நான்.

இப்போது பெரிய செய்தி. கம்யூனிட்டி காலேஜிலிருந்து பதில் வந்துவிட்டது. நர்சிங் படிப்பில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் கிடைக்காமலும் போகவில்லை! காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: நான் மாற்று கோல்கீப்பர். தலை முதல் கால் வரை கவசம் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பனியில் நிற்பவர்களில் யாராவது விழுந்தால் நான் உள்ளே. யாரும் விழவில்லை என்றால் கவசத்தோடு வீட்டுக்குப் போய், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும்.

கவசம் என்று சும்மா சொல்லவில்லை. இடம் கிடைத்தவர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நாங்களும் செய்தாக வேண்டும். தடுப்பூசிகள், போதைப்பொருள் சோதனை, பொம்மையின் நெஞ்சை அமுக்கி மூச்சு வரவழைக்கும் பயிற்சி, ஒயின் நிறத்தில் சீருடை. குற்றப் பின்னணிச் சோதனையிலும் தேறிவிட்டேன். ஏழாம் வகுப்பில் கரடிகள் அணியின் கொடியை நான் கழற்றிக்கொண்டு வந்தது போலீஸ் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது. அப்புறம் காசநோய் சோதனை. முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்து ஏற்றுவார்கள். ஏற்றினால் மட்டும் போதாது. இரண்டு நாள் கழித்து, மூன்று நாள் முடிவதற்குள், ஒரு நர்ஸோ டாக்டரோ அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, வீக்கத்தை அளந்து எழுத வேண்டும். தாண்டினால் செல்லாது, மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். நர்சிங் மாணவர்களின் இணையக் குழுவில் வருகிற முதல் அறிவுரையே "வியாழக்கிழமை மட்டும் அந்த ஊசியைப் போட்டுக்கிடாதீங்க" என்பதுதான். சனி ஞாயிறு பார்க்க ஆள் இருக்காது, இல்லையா? நான் திங்கட்கிழமை போட்டு, புதன்கிழமை பார்த்துவிட்டேன். நான் சமர்த்து.

போன வாரம் அறிமுகக் கூட்டம். காத்திருப்போருக்குக் கடைசி வரிசை. என் முன்னால் ஒரு பெரிய முதுகு, அதன் மேல் கரடிகள் அணியின் தொப்பி! என் ரத்தம் எந்த அளவு கொதித்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முதுகு திரும்பி என் பையில் இருந்த ஓநாய் ஸ்டிக்கரைப் பார்த்தது. "ஐயோ பாவம், பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல போல"ன்னு சொன்னது. "உங்க கோல்கீப்பரைவிட ஆரோக்கியமாத்தான் இருக்கேன் அண்ணே"ன்னு நான் சொன்னேன். அப்படித்தான் டுவேன் பெரோ எனக்கு அறிமுகமானார். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். "அவளுக்குத் தினம் ஊசி போட்டுப் போட்டு பழகிட்டேன். அந்தக் கையை வச்சு லாரி ஓட்டறதுக்கு ஊருக்கே ஊசி போடலாமேன்னு தோணிச்சு"ன்னார். மூன்று வருஷம் விண்ணப்பித்து, இந்த முறைதான் உள்ளே வந்திருக்கிறார். அதுவும் பட்டியலின் கடைசிப் பெயராக. அடுத்த பெயர் நான். அதைக் கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. "அப்போ நான் விழுந்தா நீ உள்ள. வட்டமடி, வட்டமடி, கழுகு மாதிரி தலைக்கு மேலயே வட்டமடி"ன்னார். அன்றிலிருந்து நான் வணக்கம் சொன்னாலே "இன்னும் சாகலம்மா"ன்னுதான் பதில்.

பிரிட்டா, இதையெல்லாம் எழுதும்போது உன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ஆட்டத்தில் ரப்பர் வட்டு பறந்து வந்து கேலரியில் ஒரு பெரியவரின் புருவத்தைக் கிழித்ததே, நான் என் ஓநாய் மஃப்ளரை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, நீ கோல்கீப்பர் கவசத்தோடு தடதடவென்று படியேறி வந்து என்ன சொன்னாய்? "ஏய், உனக்குக் கை நடுங்கவே இல்லடி." அதுவரை நான் உன் ரசிகைகளில் ஒருத்தி, இறைச்சி அடைத்த பாஸ்டி விற்கும் கடையில் மாவு மடிப்பவள். அப்புறம் நீ உடைமாற்றும் அறையில் உன் கவசத்தை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி என்னிடம் எலும்புகளின் பெயரைக் கேட்டாய். தப்பாகச் சொன்னால் வியர்வைக் கையுறையை மூஞ்சியில் எறிவாய். நுழைவுத் தேர்வில் எலும்புக் கேள்விகள் எல்லாமே சரி. அந்த நாற்றத்தை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். நன்றி!

போகும் முன் நீ கொடுத்த ஸ்டெதாஸ்கோப் பையிலேயே இருக்கிறது. "அலமாரில சும்மா தூங்குது, நீ எழுப்பு"ன்னு சொல்லிக் கொடுத்தாய். பூனையின் இதயம் கேட்டேன். பயங்கர வேகம்!

பஸ் நிலையத்தில் உங்க அம்மாவைக் காணோமே என்று கேட்க நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நன்றாகச் சாப்பிடு.

உன் முதல் ரசிகை,
லெனி


கல்வர் பே
ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள பிரிட்டா,

உன் முதல் கடிதம் வந்தது! நாலே வரி, அதில் இரண்டு சாக்ஸைப் பற்றி. இருந்தாலும் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம் போல இருக்கிறது. முழங்கால் வீங்கி உன்னை இரண்டு வாரம் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று கோபப்பட்டிருக்கிறாய். கோபப்படாதே. ஐஸ் வை, காலைத் தூக்கி வை. இதை எழுதுவது பெஞ்சில் காத்திருக்கும் நர்ஸ்.

நடந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படி. உட்கார விடுவார்களா?

எல்லோரும் உடல்நலப் பதிவுகளைக் கொடுக்கக் கடைசி நேரம் நாளை, திங்கள் காலை. ஒரு சோதனை குறைந்தாலும் பெயர் நீக்கம், பேச்சே கிடையாது. துறைத் தலைவி மிஸஸ் வான்டைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "எங்கிட்ட அழுது பிரயோஜனமில்ல. ஆஸ்பத்திரிக்காரங்க உங்களை உள்ள விட மாட்டாங்க, நான் விட்டா என்ன விடாட்டி என்ன."

நேற்று சனிக்கிழமை, பாஸ்டிக் கடையில் நான் மாவை மடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவில் டுவேன் அண்ணன் ஒரு படம் போட்டார். அவருடைய முன்கை. காசநோய் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி அவர் மகள் பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே கண்ணும் வாயும் வரைந்திருந்தாள். கீழே எழுதியிருந்தார்: "வியாழக்கிழமை மத்தியானம் குத்தினாங்க. ஒன்னும் வீங்கல. நானே பாத்துட்டேன், நானே எழுதிடறேன். எல்லாருக்கும் சுதந்திர தின வாழ்த்து."

வியாழக்கிழமை, பிரிட்டா! அதுவும் ஜூலை நாலாம் தேதிக்கு முந்தின நாள்! வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கிளினிக் பூட்டு. திங்கட்கிழமை திறக்கும்போது நேரம் தாண்டியிருக்கும். அவர் கையெழுத்துச் செல்லாது. திங்கள் காலை அவர் பெயர் போகும். அந்த இடத்துக்கு வருவது யார்?

யாரும் பதில் போடவில்லை. பட்டாசும் மீன்பிடியுமாக எல்லோரும் ஏரிக்கரையில். பார்த்தவள் நான் ஒருத்திதான். போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த தட்டு முழுவதும் மடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக மடித்ததில்லை, ஒரு விளிம்பு கூடப் பிசகவில்லை. மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது: நீ எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும், சீருடை தயாராகத்தானே இருக்கிறது.

தட்டை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் இருந்த மூஞ்சி சிரித்தது. அது உருளைக்கிழங்கு மாதிரிதான் இருந்தது. நான் வரைகிற மாதிரியே.

உடனே கூப்பிட்டேன். "அண்ணே, வியாழக்கிழமை யாராவது இந்த ஊசியைப் போட்டுப்பாங்களா? உங்க அணி ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?"ன்னு கத்தினேன். விவரம் சொன்னதும் மறுமுனையில் அவர் நாள்களை எண்ணிப் பார்ப்பது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் போயிட்டா உனக்குத்தானே சீட்டு?" "ஆமா." "அப்போ எதுக்கும்மா போன் பண்ணின?" "அதை அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு நர்ஸைப் பிடிக்கணும்"னேன்.

அவசரப் பிரிவுக்குப் போன் பண்ணினால் "பட்டாசுல விரலைத் தொலைச்சவங்க பத்துப் பேர் நிக்கறாங்க, கையைப் பாக்கச் சொல்லி இங்க வராதீங்க"ன்னு வைத்துவிட்டார்கள். மருந்துக்கடை பூட்டு. எனக்குத் தெரிந்த ஒரே நர்ஸ் யார் என்று நீயே சொல்.

ஆமாம். உங்க அம்மா.

அவர் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கேட்டேன். வார இறுதிக்குக் காட்டுக்குள் உங்கள் குடிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போன் எடுக்காது என்று எனக்குத் தெரியும். இன்று காலை டுவேன் அண்ணனின் வண்டியிலேயே கிளம்பினோம். சரளைச் சாலையில் எங்கே திரும்புவது என்று நான் திணறியபோது உன் முதல் கோல்கீப்பர் முகமூடியை ஆணியடித்து வைத்திருக்கும் மரம் வந்தது. "கடவுளே, இது என்ன அசிங்கம்"னார் அண்ணன். "புனிதச் சின்னம். தொப்பியைக் கழட்டுங்க"ன்னேன். கழற்றவில்லை.

உங்க அம்மா சவுனாவுக்குள் நீராவிக் குளியலில் இருந்தார்! கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "ஞாயித்துக்கிழமை காலைல மனுஷியை நிம்மதியா வேக விடமாட்டீங்களா?" துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையிலிருந்து ஆவி பறக்க வெளியே வந்தார். அண்ணன் வெட்கப்பட்டு மரத்தைப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார். "நான் நாப்பது வருஷமா துண்டு கட்டினவங்களைக் குளிப்பாட்டறவ, இந்தப் பக்கம் திரும்புய்யா"ன்னார் உங்க அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் அந்த மூஞ்சியின் மேல் இரண்டு திசையிலும் தடவிப் பார்த்தார். "அளவுகோல்?" மீன் அளக்கிற பலகைதான் அங்கே இருந்தது. என் பையில் மில்லிமீட்டர் அளவுகோல் இருந்தது, கவசம் முழுதாக இருக்கணுமே! அதை வாங்கி வைத்துப் பார்த்து, "பூஜ்ஜியம்"னார். எழுதி, பதிவு எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் விழுந்திருந்தா இந்தப் பொண்ணுக்குத்தாம்மா என் சீட்டு. இவளே இழுத்துட்டு வந்திருக்கா"ன்னு உளறிவிட்டார். உங்க அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு மூளை இருக்கா இல்லையா?" "நுழைவுத் தேர்வுல இருக்குன்னு வந்துச்சும்மா." அதற்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஏலக்காய் ரொட்டியில் பெரிய துண்டு எனக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவுகோலை எடுத்தபோது ஸ்டெதாஸ்கோப்பும் பையிலிருந்து வெளியே வந்தது. உங்க அம்மா அதை எடுத்து, காதில் மாட்டும் இடத்துக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். அங்கே இரண்டு எழுத்து பொறித்திருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. கே. கே. கரின் கோஸ்கெலா. அது உன்னுடையதே இல்லையா, பிரிட்டா? அவர் உனக்குக் கொடுத்ததா? எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அவர் அதைத் திரும்ப என் பையில் வைத்தார்.

கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. "அங்க சாப்பாடாவது ஒழுங்கா போடறாங்களாமா?"ன்னார். "போடறாங்களாம்மா"ன்னேன். நீ சாக்ஸைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாய். பொய்தான் சொன்னேன்.

நாளை காலை அண்ணன் தாளைக் கொடுத்துவிடுவார். நான் இன்னும் பெஞ்சில்தான். வருத்தம் இல்லை என்றால் அதுவும் பொய். ஆனால் இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

லெனி


கல்வர் பே
ஆகஸ்ட் 28, வியாழன்

என் அன்புக்குரிய பிரிட்டாவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும். கடைசிக்குத் தாவாதே!

முழங்கால் சரியாகி, ஓட்டத் தேர்விலும் தேறிவிட்டாய் என்று படித்ததும் கடையில் மாவுக் கையோடு குதித்தேன். செப்டம்பரில் நிறைவு அணிவகுப்பு. நீ வெள்ளைச் சீருடையில்! ரசிகர் பக்கத்தில் போட்டுவிட்டேன். கரடிகள் ரசிகர்கள் கூட வாழ்த்தியிருக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் "கப்பல் மூழ்காம பாத்துக்கோங்க"ன்னு எழுதியிருக்கிறான். டுவேன் அண்ணன்தான்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. காத்திருப்போரும் முழுச் சீருடையில் வந்து பின்சுவர் ஓரம் நிற்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பெயர் கூப்பிடும்போது யாராவது பதில் சொல்லவில்லை என்றால் அந்த நாற்காலி நமக்கு. மிஸஸ் வான்டைக் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு "இருக்கேன்" கேட்கும்போதும் என்னை நோக்கி ஒரு வட்டு பறந்து வருவது போல இருந்தது. நீ எப்படித்தான் இதை ஆட்டம் ஆட்டமாகத் தாங்கினாயோ! கடைசிப் பெயர். "டுவேன் பெரோ." அவர் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே அவரை மிரட்டினேன். பிறகுதான் "இருக்கேன்"னார். அவருடைய அடையாள அட்டையின் ஓரத்தில் ஒரு ஓநாய் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பிரிட்டா. கரடிகள் அணியின் ஆயுள் ரசிகர்! அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"காத்திருந்தவங்களுக்கு நன்றி. இந்த வாரம் முடியற வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருங்க. கூப்பிட்ட அன்னிக்கே நாலு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடலேன்னா அடுத்த பேருக்குப் போயிரும்"னார் வான்டைக். நாங்கள் வெளியே வந்தோம்.

நேற்று, புதன்கிழமை, எனக்குக் கடையில் விடுமுறை. இனி ஒன்றும் நடக்காது என்று தோன்றிவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு உங்கள் குடிலுக்குப் போனேன். அங்கே போன் எடுக்காது என்பது நினைவிலேயே இல்லை. சமர்த்து, பார்.

உங்க அம்மா குளிர்காலத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜையில் அதை வைத்தேன். "இது உங்களோடதும்மா. பிரிட்டா எனக்குக் கொடுத்தா. எனக்கு இடம் கிடைக்கல, திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." அவர் கையுறையைக் கழற்றி, அதை எடுத்து என் கழுத்திலேயே மாட்டினார். "முதல் சம்பளத்துல வாங்கினேன். என் மகளுக்குன்னு எடுத்து வச்சேன். அவளுக்கு எஞ்சின் சத்தம்தான் பிடிக்கும்னு சின்ன வயசுலயே தெரியும், தெரிஞ்சும் இதை அவ கைல திணிச்சேன். போறேன்னு சொன்னா. போறதுன்னா அப்படியே போயிருன்னுட்டேன். பஸ் ஏத்திவிடக்கூட வரல. ஆனா இதை யாருக்குக் கொடுக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு"ன்னார்.

பிறகு இரண்டு பேரும் விறகு அடுக்கினோம். கொஞ்ச நேரம் கழித்து, கட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த அணிவகுப்பு... சும்மா போய் வாசல்ல நின்னா உள்ள விடுவாங்களா?"

"இல்லம்மா. பட்டியல்ல பேர் இருக்கணும்."

"ஆமா. இருக்கத்தானே வேணும்"னு சொல்லி அடுத்த கட்டையை எடுத்தார்.

அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து ஒரு ஹாரன்! விடாமல், மரமெல்லாம் அதிர, கிட்டே கிட்டே வந்தது. ஒரு பெரிய மர லாரி, பின்னால் கட்டையே இல்லாமல் வெறும் லாரி, முகமூடி மரத்தை உரசிக்கொண்டு திரும்பியது. ஜன்னலில் ஒயின் நிறச் சீருடை. டுவேன் அண்ணன்! "ஏ ஓநாய்க்குட்டி! போனைத் தூக்கி ஏரில போட்டுட்டியா? காலைலேருந்து கூப்பிடறாங்க! ஏறு!"

நடந்தது இதுதான். ரத்த அழுத்தம் பார்க்கும் பயிற்சியிலேயே ஒரு பையன் மயங்கி விழுந்துவிட்டான். எழுந்து, தண்ணீர் குடித்து, "எனக்குக் கணக்குதான் சரி"ன்னு சொல்லி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வேறு படிப்புக்கு மாறிக்கொண்டு போய்விட்டான். அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் மேல் போன். எடுக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட எண்ணைத் தேடும்போது அண்ணன் மேஜையில் கை வைத்து, "நாலு மணி வரைக்கும் அவளோடது. நான் கொண்டு வரேன்"னாராம். கடையில் கேட்டிருக்கிறார். பை இருக்கிறது, ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் காணோம் என்று என் வீட்டில் சொன்னதும், அன்று குடிலில் பார்த்தது ஞாபகம் வந்து நான் அங்கேதான் என்று புரிந்துவிட்டதாம். அவருடைய வண்டி பழுது, அதனால் பழைய முதலாளியிடம் லாரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "வழி எப்படிண்ணே ஞாபகம் வந்துச்சு?"ன்னு கேட்டேன். "அந்த மூஞ்சி மாட்டின மரத்தை ஒரு தடவை பாத்தவன் மறப்பானா? ராத்திரி கனவுல வருது"ன்னார்.

மரத்தூளும் பிசினுமான தலையோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். வான்டைக் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார். "நாளைக்குத் தலையை வாரிக்கிட்டு வா"ன்னார்.

நான் உள்ளே, பிரிட்டா. நான் உள்ளே!

இன்று காலை பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்"னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பயிற்சியில் என் ஜோடி டுவேன் அண்ணன்தான். உங்க அம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தேன். "என்ன கேக்குது?"ன்னார். "கரடி உறுமுது"ன்னேன். உண்மையில் அவ்வளவு சீராக, அவ்வளவு திடமாகக் கேட்டது. எனக்குக் கை நடுங்கவே இல்லை.

இதில் எதுவும் நானாகச் செய்தது இல்லை. கையுறை எறிந்து எலும்பு கற்றுக்கொடுத்தது நீ. துண்டோடு வந்து அளந்தது உங்க அம்மா. லாரியோடு வந்தது அண்ணன். யாருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தாலும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது.

இனி, இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பும் காரணம். அடுத்த வெள்ளிக்குள் விருந்தினர் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்றும், என் ஒருத்தியின் பெயரைத்தான் எழுதியிருப்பதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் பிரிட்டா, அணிவகுப்பு நாளன்றுதான் எனக்கு முதல் திறன் தேர்வு. வராவிட்டால் இடம் போய்விடும், வான்டைக்கிடம் அழுது பிரயோஜனமில்லை.

ஆகவே என் நாற்காலி காலி. என் பெயரை அடித்துவிடு.

நான் ஒரு கோடைக்காலம் முழுக்கப் பின்சுவர் ஓரம் நின்றவள். யாராவது நம் பெயரைக் கூப்பிடுவார்களா என்று நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரே ஒரு பெயர். இந்நேரம் விறகெல்லாம் அடுக்கி முடித்திருப்பார். நேற்று லாரி கிளம்பும்போது அவருடைய நல்ல நீலக் கோட்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் யார் கோட்டைத் துவைப்பார்கள்?

கூப்பிடு, பிரிட்டா.

உன் கப்பலும் உன் முழங்காலும் உறுதியாக இருக்கட்டும். எந்தக் கடலில் இருந்தாலும் உன்னைப் பற்றி நினைக்க இங்கே ஆள் இருக்கிறது.

என்றும் உன் முதல் ரசிகை,
லெனி சலோ
நர்சிங் மாணவி (இரண்டாவது தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்: நர்சிங் மாணவி!)

பி.கு.: பட்டியலில் முழுப்பெயர் கேட்பார்களாம். கரின் எலிசபெத் கோஸ்கெலா. பிறந்த தேதியை நான் கேட்கவில்லை. அது உனக்குத் தெரியும்.